இதர உபாதைகள்

ஜூன் 2, திங்கள்

இன்று காலை பத்தரை மணிக்கு எங்கள் ஆவரைவிளையில் தொலைமருத்துவ மையம் திறக்கப்பட்டது. இடம் பழைய பால் சொசைட்டிக் கட்டடம். இரண்டு முறை வெள்ளையடித்தும் மோர் வாடை போகவில்லை. மையத்தின் ஆபரேட்டர் கு. தவசிக்கனி, வயது நாற்பத்தேழு, அதாவது நான். இதுவரை பஸ் ஸ்டாப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகியவன் நான் ஒருவன்தான் என்பதால் பஞ்சாயத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது மையத்து விவரங்களை. நான் சொந்த விவரங்களையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஏற்பாடு இதுதான். நோயாளி நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரே திரை, அதன்மேல் எப்படி வேண்டுமானாலும் வளைகிற கழுத்துடன் ஒரு கேமரா. பக்கத்தில் நான். நோயாளி சொல்வதை நான் படிவத்தில் தட்டி அனுப்புவேன். அதைப் படித்துவிட்டு டாக்டர் சுபைதா சென்னையிலிருந்து திரையில் வருவார். அனுப்பி வைத்த ஸ்பீக்கர் வரும் வழியிலேயே உடைந்துவிட்டதால் அவர் பேசுவது என் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்கும். நான் கேட்டுச் சொல்வேன். ஆக, டாக்டருக்கும் ஆவரைவிளைக்கும் நடுவில் இருப்பவன் நான் ஒருவனே.

முதல் நோயாளி வள்ளிமயில். மூன்று நாளாகக் காய்ச்சல். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையில், தலை நிறையப் பூ வைத்து, முகத்தில் அரை டப்பா பவுடரோடு வந்திருந்தாள். கேட்டால், டி.வி.யில் வரப் போகிறோமே என்கிறாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்தால்தான் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க முடியும் என்று டாக்டர் சொன்னார். வள்ளிமயிலுக்குக் கோபம். கழுவிய பிறகு, கருகமணி மட்டும் தெரிகிற மாதிரி கேமராவைத் திருப்பச் சொன்னாள்.

ஜூன் 4, புதன்

ஒரு நோயாளி உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனால் நாதியில்லாதவர் என்று அர்த்தம். வெளியே போகச் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டு சுடலைமுத்து அண்ணாச்சி கிளம்பியே விட்டார். பிறகு நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இப்போது எல்லாரும் உள்ளேதான். பால் ஊற்ற வரிசையில் நின்ற அதே இடத்தில் பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் ஒருவரிடம் கேள்வி கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். சுடலைமுத்து அண்ணாச்சிக்கு மலச்சிக்கல் எத்தனை நாளாக என்று நான் கேட்க, அவர் இரண்டு நாள் என்கிறார், அவர் மைத்துனர் நான்கு நாள் என்கிறார், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வெள்ளிக்கிழமையிலிருந்து என்கிறது. கடைசியில் வெள்ளிக்கிழமை என்று பதிவு செய்தேன்.

இந்த அறையில் சொன்ன எதுவும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். இது ஒரு குறைதான்.

ஜூன் 6, வெள்ளி

ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர் என்று ஒரே புகார். திரைக்குள்ளிருந்து எப்படிப் போடுவார் என்று விளக்கினேன். அப்படியானால் நீயே போடு என்கிறார்கள். ஊசி என்றால் எனக்கு ஆகாது. பார்த்தாலே முதுகில் வியர்க்கும். இதை அவர்களிடம் சொல்லவில்லை, சட்டத்தில் இடமில்லை என்றேன்.

புதுச் செருப்பு வலது காலில் சுண்டு விரலுக்குப் பக்கத்து விரலைக் கடித்துவிட்டது. சொல்லப்போனால் கடித்ததே தெரியவில்லை. குளிக்கும்போதுதான் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

வெயில் கடுமை. இந்தச் செம்மண் தேரியில் வைகாசி மாதம் தாகம் எடுக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு குடம் நானே காலி செய்கிறேன் என்று சொர்ணம் சொல்கிறாள். சொர்ணம் என் மனைவி. தண்ணீர் குடித்தால் எழுந்து போகத்தானே வேண்டும். ராத்திரிக்கு நான்கு தடவை, சில நாள் ஐந்து. இதில் ஒன்றுமில்லை.

மையத்தில் இன்று ஒரு சிறு விஷயம். பேச்சியம்மாளுக்குப் பல்வலி. படிவத்தில் முதல் கட்டத்தில் பல்வலி என்று தட்டினேன். அதற்குக் கீழே ‘இதர உபாதைகள்’ என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக அனுப்புவது எனக்கு எப்போதுமே உறுத்தும். ஆபரேட்டர் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா. ஆகவே, ‘அதிக தாகம், இரவில் நான்கைந்து முறை சிறுநீர்’ என்று நிரப்பினேன். கட்டம் பார்க்க நன்றாக இருந்தது.

டாக்டர் ஹெட்போனில் நிறையக் கேட்டார். எத்தனை நாளாக, எடை குறைந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா. ஆமாம் டாக்டர், ஆறு கிலோ டாக்டர், அப்பாவுக்கு டாக்டர் என்று சொன்னேன். யாருக்கு ஆறு கிலோ என்று பேச்சியம்மாள் கேட்டாள். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றேன். உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

பல்வலிக்குப் போனவளின் விரலில் சுகாதார நிலையத்து நர்ஸ் குத்திவிட்டதாகப் பேச்சியம்மாள் தெருவில் நின்று ஏசினாள். சர்க்கரை ஒன்றும் இல்லையாம். சந்தோஷம்.

ஜூன் 13, வெள்ளி

கால் விரலில் இன்னும் ஈரம் இருக்கிறது. மஞ்சள் வைத்திருக்கிறேன். வலி கொஞ்சமும் இல்லை. வலி இல்லாத புண்ணுக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா? இருந்தாலும் ஒரு பொது அறிவுக்காக இன்று ஒரு சேற்றுப்புண் ஆசாமியின் கட்டத்தில் ‘பாதம் மரத்துப்போதல், வலியற்ற புண், ஆறவில்லை’ என்று சேர்த்தேன். வலி இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து என்றார் டாக்டர். டாக்டர்கள் இப்படித்தான், எதையாவது தலைகீழாகச் சொல்வார்கள்.

ஜூன் 16, திங்கள்

மூன்று பேர் கட்டம் நிரப்பப்பட்டது.

ஜூன் 18, புதன்

இரண்டு பேர். இன்னொருத்தி கர்ப்பிணி என்பதால் விட்டுவிட்டேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறேன். எதற்கு என்று சொர்ணம் கேட்டாள். ஆபரேட்டர் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும் என்றேன். கட்டிலில் படுக்கும்போதுமா என்றாள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு நீளும்.

ஜூன் 20, வெள்ளி

மதியம் நோயாளிகள் போன பிறகு டாக்டர் என்னை இருக்கச் சொன்னார். திரையில் அவர் முகம் கவலையாக இருந்தது.

“தவசிக்கனி சார், உங்க ஊர்ல பல்வலிக்காரர், காதுவலிக்காரர், சேற்றுப்புண், சளி, எல்லாருக்கும் தாகம் இருக்கு. எல்லாருக்கும் கால் மரத்துப் போகுது. பத்து நாள்ல எட்டு கேஸ். ரத்தத்துல சர்க்கரை பார்த்தா யாருக்கும் இல்லை. இது சாதாரணமா தெரியலை எனக்கு.”

வறண்ட பூமி டாக்டர், தாகம் இருக்கும் என்றேன். கால் ஏன் மரத்துப் போகிறது என்றார். சம்மணம் போட்டு உட்காருவார்கள் டாக்டர் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. குடிதண்ணீரில் ஏதோ கலந்திருக்கலாம் என்று மாவட்டத்துக்கு எழுதிவிட்டாராம். இது நான் எதிர்பார்க்காதது. ஆனால் ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. என் கட்டங்களை இவ்வளவு கவனமாகப் படிக்கிற ஆள் உலகத்தில் ஒருவராவது இருக்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

மாவட்டத்திலிருந்து இரண்டு ஜீப்பில் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டிக்குச் சீல் வைத்தார்கள். முடிவு வரும்வரை யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. ஊர்ப் பெண்கள் மொத்தமும் குடத்தோடு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போனார்கள். சொர்ணமும் போனாள். நான்கு நடை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரையே வரிசையாக உட்கார வைத்துக் கால்களைப் பரிசோதித்தார்கள். இருநூற்றுப் பதின்மூன்று பேர், ஒருவருக்கு இரண்டு வீதம். காலை யாரிடமும் காட்டிப் பழக்கமில்லாத ஜனம் கூச்சப்பட்டு நெளிந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி கால் நகத்தை அவசரமாக வெட்டி ரத்தக் காயத்தோடு வந்து, ஆறாத புண் உள்ளவர்கள் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார். கடைசிவரை அந்த வரிசையில் அவர் ஒருவர்தான்.

நான் பதிவேடு எழுதும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுதுகிறவன் நடுவில் எழுந்தால் வரிசை எண் குழம்பிவிடும். ஆகவே என்னைப் பரிசோதிக்க முடியாமல் போய்விட்டது. கடைசியில் சொர்ணம் நர்ஸிடம் போய், எங்க வீட்டுக்காரருக்கும் பாருங்களேன் என்றாள். நான் அப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிட்டாலும் பார்க்கலாமாம். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

சொர்ணம் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

தண்ணீர் நல்ல தண்ணீர் என்று முடிவு வந்துவிட்டது. மாவட்டத்திலேயே நல்ல தண்ணீராம். சீலை உடைத்தார்கள். மூன்று நாள் குடம் சுமந்த பெண்கள் மையத்துப் பக்கமே பார்க்காமல் போகிறார்கள். சென்னை டாக்டருக்கு வேறு வேலை இல்லை, திரையில் உட்கார்ந்துகொண்டு ஊரை ஆட்டி வைக்கிறாள் என்று பேசுகிறார்கள். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. இதை நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மையத்தில் ஊதுபத்தி ஏற்றி வைக்கிறேன், காலையில் நான்கு, பதினொரு மணிக்கு நான்கு. கோயில் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்கள். மோர் வாடைக்காக என்று சொல்லியிருக்கிறேன்.

விரல் நுனி கொஞ்சம் கறுத்திருக்கிறது.

அப்பாவுக்கு வந்தது வேறு. அவர் பீடி குடிப்பார், வெறுங்காலோடு தேரியில் நடப்பார், மருந்தென்றாலே ஓடுவார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார். திரும்பி வரும்போது முழங்காலுக்குக் கீழே வேட்டி மடிந்து தொங்கியது. அதற்கப்புறம் அவர் வாசல் பக்கம் வரவே இல்லை, ஆட்கள் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் பீடி குடிப்பதில்லை. இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

வாரக்கணக்காகக் கட்டம் நிரப்பியும் டாக்டர் நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். இன்று சங்கரவடிவு அத்தைக்கு அரிப்பு என்று எழுதி, வழக்கம்போல இதர உபாதைகளையும் எழுதினேன். விரல் கறுத்திருக்கிறது என்றும் சேர்த்தேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தம்மா காலை உடனே கேமராவில் காட்டுங்கள் என்றார்.

கேமராவின் கழுத்து எப்படி வேண்டுமானாலும் வளையும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மேஜைக்குக் கீழே வளைத்தேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார். பிறகு அந்தம்மா வயது என்ன என்றார். அறுபத்தெட்டு டாக்டர். காலில் இவ்வளவு முடி இருக்கிறதே என்றார். பரம்பரை டாக்டர் என்றேன்.

மாத்திரை எழுதினார். அது போதாது, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். அத்தைக்கு அரிப்புக் களிம்பு கொடுத்தனுப்பினேன். மாத்திரை போக வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

மாத்திரைக்குக் கேட்கவில்லை. லேசாகக் குளிர் காய்ச்சல் மாதிரி. ஊரில் யாருக்காவது இருக்கத்தான் செய்கிறது.

இன்று சுடலைமுத்து அண்ணாச்சியின் காதுச்சீழுக்கு மறுபடி கேமராவை வளைத்தேன். ஆண்பிள்ளை, முடிப் பிரச்சினை வராது என்று யோசித்துத்தான் செய்தேன். டாக்டர் பார்த்தார். சரி என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு ஸ்பீக்கர் மாட்ட ஆள் வருகிறார், எல்லாப் பழைய நோயாளிகளையும் காலையில் வரச் சொல்லுங்கள் என்றார். வேறொருத்தராக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார். தங்கமான டாக்டர்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

ஸ்பீக்கர் ஒன்பதரைக்கு மாட்டப்பட்டது. டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டதும் ஜனத்துக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு நாள் என் குரலில் கேட்டுக் கேட்டு, டாக்டர் என்னைப் போலவே கறாரானவர் என்று நினைத்திருந்தார்களாம். தண்ணீர்க் கோபமெல்லாம் பாதி போய்விட்டது. என்னைத் தவிர எல்லாரும் சற்று வெளியே போகட்டும் என்று டாக்டர் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை, இன்னும் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு ஆரம்பித்தார்.

முதலில் பேச்சியம்மாளிடம் அந்தத் தாகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“எனக்கு என்னத்துக்குத் தாகம் எடுக்கு? எனக்குப் பல்லுல்லா வலி. அதைப் பிடுங்கிப் போட்டு மாசம் ஒண்ணாகப் போவுது.”

அடுத்து சங்கரவடிவு அத்தையிடம் கறுத்த விரலைப் பற்றிக் கேட்டார். அத்தை தன் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்து விரல் விரலாகத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்ற கால். ஒரு முடி இல்லை. சுடலைமுத்து அண்ணாச்சி தன்னுடைய காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு மெதுவாக என் ஷூவைப் பார்த்தார். அவரைப் பார்த்து எல்லாரும் பார்த்தார்கள். நான் ஊதுபத்தி ஏற்ற எழுந்தேன்.

“தவசிக்கனி சார்,” என்றார் டாக்டர். “நாற்காலியில நீங்க உட்காருங்க.”

அத்தை எழுந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் திரையில் ஒரு மூலையில் நம் முகமும் சின்னதாகத் தெரிகிறது. ஒரு மாதத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. கன்னம் ஒட்டிப் போய் அப்பாவின் முகம் மாதிரி இருந்தது.

டாக்டர் சத்தம் போடவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு கட்டத்தையும் நம்பித்தான் வைத்தியம் பார்த்ததாகச் சொன்னார். தேவையில்லாத விரலில் குத்தியது, ஊருக்குத் தண்ணீர் நின்றது, எல்லாம் அந்த நம்பிக்கையால்தான் என்றார். நாளைக்கு உண்மையாகவே ஒருவருக்குக் கால் மரத்துப்போய், தான் அதை நம்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை. குடம் சுமந்தவர்கள் அத்தனை பேரும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். பின்னாலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சி, வைகாசி கடைசியிலிருந்து அவன் இழுத்து இழுத்து நடக்கிறான் டாக்டர் என்றார். சட்டை தொளதொளவென்று ஆனது சித்திரையிலேயே என்றாள் வள்ளிமயில். எங்கள் வீட்டுப் பின்கதவு ராத்திரியில் எத்தனை தடவை திறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எண்ணி வைத்திருந்தார். ஐந்து என்றார். ஊதுபத்தி எதற்கு என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஊரிடமிருந்து மறைக்க நான் ஊர்க்காரர்களின் பெயரையே பயன்படுத்தியிருக்கிறேன்.

யாரோ போய்ச் சொர்ணத்தைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவள் வந்து என் முன்னால் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கே போனா ஒரு விரலோட முடியலாம்,” என்றார் டாக்டர். “அடுத்த வாரம்னா காலுக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்.”

இந்த வாரம் மாத அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமை போகிறேன் என்றேன். பேச்சியம்மாள் எழுந்தாள். “எந்திரி. நீ ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் சீக்கு வராது” என்றாள். ஜனம் பாயைச் சுருட்டியது. என்னைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். எனக்குத் துணையாகப் பின்னால் பதினேழு பேர் ஏறிக்கொண்டார்கள். இறங்கச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. மையத்தின் கதவை அண்ணாச்சி பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. இப்படி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எப்படி நடமாடினீர்கள் என்று இங்குள்ள டாக்டர் கேட்டார். வேலைப்பளு என்றேன்.

நாளைக்குக் காலையில் விரலை எடுக்கிறார்கள். பயமாக இருக்கிறது. ஜூன் 6-ஆம் தேதியிலிருந்தே பயமாகத்தான் இருக்கிறது. செருப்பு கடித்தது என்று எழுதிய அன்றே எனக்குத் தெரியும். தாகம் வெயிலால் அல்ல என்றும் தெரியும். இந்த நோட்டில் எதையும் மறைப்பதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

ஒரு விரல் போயிற்று. கால் இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஒரு நாளைக்கு இரண்டு ஊசி, இனிமேல் வாழ்நாள் முழுக்க நானே போட்டுக்கொள்ள வேண்டுமாம். இதைக் கேட்டு ஊரில் எல்லாருக்கும் பரம திருப்தி. உண்மையான வைத்தியம் இப்போதுதான் நடக்கிறது என்கிறார்கள்.

டாக்டர் சுபைதா வார்டு நர்ஸின் போனில் வந்தார். காலைக் காட்டினேன், கேட்காமலேயே. பார்த்துவிட்டு, இந்தக் கால் எனக்கு நன்றாகத் தெரியும் என்று சிரித்தார். நான் எழுதிய அத்தனை படிவங்களையும் திருத்தி அனுப்ப வேண்டும், யாரிடமும் மறைக்காமல் மாவட்டத்துக்கும் எழுத வேண்டும் என்றார். அதற்கப்புறம் வேலை இருக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஊர்க்காரர்கள் மதிய பஸ்ஸுக்குப் போன பிறகு நானும் சொர்ணமும் மட்டும் இருந்தோம். மூன்று நாளாக அவள் என்னிடம் அளவாகத்தான் பேசினாள். மருந்து குடித்தாச்சா, தலையணை வேண்டுமா, அவ்வளவுதான். கொய்யாப்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, எத்தனை பேர் பேரில் எழுதினீர்கள் என்று கேட்டாள். மனசுக்குள் எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றேன்.

“பதினோரு பேரு பேருல சென்னை வரைக்கும் சொல்லியிருக்கீய,” என்றாள். “எங்கிட்ட ஒருத்தர் பேருலயாவது சொல்லியிருக்கலாம்லா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன். அவள் புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பழத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

அப்போது நான் அவளிடம், இடது காலிலும் குதிகால் பக்கம் ஒரு வாரமாகத் தொட்டால் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போனாள்.